வெறும் கூடுதான், அப்பா

பிப்ரவரி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று மருந்துக்கடையில் என் மானம் போயிற்று. ஏற்கெனவே அதிகம் கையிருப்பு இல்லாத சரக்கு என்பதால் பெரிய நஷ்டமில்லை. ஆனாலும் உனக்குச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் காரணம் நீ செய்த மாத்திரை.

உன் அம்மாவுக்கு இடுப்பு வலி. நம் தெரு டாக்டர் உன் கம்பெனி மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் ஒன்று போட்டால் மறுநாள் காலை வரை கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டுக்கொண்டே இருக்கும் என்று போன தடவை வந்தபோது செய்தித்தாள் ஓரத்தில் படம் போட்டுக் காட்டினாயே, அதேதான். இதற்கு முன்னால் வேறொரு டாக்டர் கொடுத்தது கசப்பு சிரப். நாலு மணிக்கொரு தரம் குடிக்க வேண்டும். உன் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, பெத்த பொண்ணு மாத்திரை செய்யும்போது நான் ஏன் ஊரான் சிரப்பைக் குடிக்கணும் என்று தெரு டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள். அட்டையைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறாள். கல்யாண ஆல்பத்துக்குக்கூட இந்த மரியாதை கிடைத்ததில்லை.

விஷயம் என்னவென்றால், போட்ட மாத்திரை வெளியே வந்துவிட்டது. முழுசாக. உருவம் மாறாமல், அதே வழவழப்போடு, கழிவறைக் கோப்பையில் கிடந்தது. நான் அதை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, காகிதத்தில் மடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணாடி மேசை மேல் வைத்து, இது வேலை செய்யாத மாத்திரை, மாற்றிக் கொடுங்கள் என்றேன். கடைக்கார அம்மா அதை உள்ளங்கையில் வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இது எங்கே இருந்தது என்று கேட்டார். எனக்குத்தான் என் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாதே. எங்கே இருந்தது என்று சொன்னேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அந்த அம்மா கையைக் கழுவப் போனவர் நான் கிளம்பும் வரை திரும்பி வரவில்லை.

சிரிப்பது இருக்கட்டும். உன் அம்மாவுக்கு வலி குறைந்தபாடில்லை. மாத்திரை கேட்காதபோது பழைய சிரப்பில் ஒரு மூடி கொடுக்கிறேன், அப்போது கொஞ்சம் அடங்குகிறது. மாத்திரையில் ஏதாவது கோளாறா என்று பார்த்துச் சொல்.

போனில் கேட்கலாமே என்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அவள் தலைமாட்டில் இருக்கிறது. நான் பேசினால் கத்துவேன், நீ பேசினால் எனக்குக் கேட்காது. முப்பது வருஷம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று பீரோவுக்கு பெயிண்ட் அடித்தவனுக்குக் கிடைத்த பென்ஷன் இந்தக் காதுதான். பதிலை வீட்டுக்குப் போடாதே, பட்டறை விலாசத்துக்குப் போடு. உன் அம்மா மின்சார பில்லைக்கூடப் பிரித்துப் படிக்கிறவள்.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 14

அப்பா,

உங்கள் கடிதத்தை எங்கள் லேபில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள். என் மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இப்போது இங்கே உங்கள் பெயர் "மாத்திரையைக் கழுவினவர்".

பயப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது வெறும் கூடுதான், அப்பா. மருந்து உள்ளேயே போய்விட்டது.

மறுபடி சொல்கிறேன், இந்தத் தடவை உங்கள் பாஷையில். இந்த மாத்திரைக்குள் இரண்டு அடுக்கு இருக்கிறது. மஞ்சள் அடுக்கு மருந்து. சிவப்பு அடுக்கு தண்ணீர் பட்டால் ஊதிக்கொள்கிற பொருள். இரண்டுக்கும் மேலே ஒரு தோல். அந்தத் தோலைத்தான் நான் அடிக்கிறேன். நீங்கள் பீரோவுக்கு ஸ்ப்ரே கன்னால் பெயிண்ட் அடிப்பது போலவே, ஆனால் கான்கிரீட் கலக்குகிற மாதிரி ஒரு டிரம்மில் லட்சக்கணக்கான மாத்திரைகள் உருண்டுகொண்டிருக்கும், அதன்மேல். ஒரு பக்கத்தில் லேசரால் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை போடுகிறோம். வயிற்றிலுள்ள தண்ணீர் தோல் வழியே மெல்ல மெல்ல உள்ளே போகும், சிவப்பு ஊதும், மஞ்சளைத் துளை வழியாக வெளியே தள்ளும். பற்பசையைப் பிதுக்குகிற மாதிரி. தோல் கொஞ்சம் தடித்தால் மருந்து தாமதமாகும், மெலிந்தால் முந்திக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கச் சீராக வர வேண்டும் என்று அந்தத் தடிமனுக்காக மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். தோல் கரையாது. வேலை முடிந்ததும் காலிப் பையாக வெளியே வரும். அதைத்தான் நீங்கள் மாற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இடுப்பு வலிக்கு இவ்வளவு பலமான மாத்திரையா? அந்த டாக்டர் நான் கையை உடைத்துக்கொண்டபோது மிட்டாய் கொடுத்தவர், அம்மா மிரட்டினால் எதையும் எழுதுவார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். ஒன்று முக்கியம்: மாத்திரையோடு சேர்த்து அந்தச் சிரப்பைக் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே வகை மருந்து. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் மூச்சே மந்தமாகிவிடும். சிரப்பை நிறுத்திவிடுங்கள். மாத்திரை ஒருவேளை நிலைப்பட நாலைந்து நாள் ஆகலாம், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். குரல் மெலிந்து இருந்தது. கேட்டால், இவர் சமையல்டி, வேற எப்படி இருக்கும் என்றாள்.

பாப்பா

பிப்ரவரி 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரகசியமாக எழுதிவிட்டு நானே படித்துக் காட்டினேன் பார், இந்த மூளையை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் பிழைத்ததே பெரிசு. ஆனால் பற்பசை கதையைக் கேட்டு அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, துளை எங்கே என்று சன்னலோரம் வெகுநேரம் தேடினாள்.

நீ சொன்னபடி சிரப்பை நிறுத்திவிட்டேன். பாட்டிலை அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். முதலில் சில நாள் முனகினாள். நான் உன் கடிதத்தைக் காட்டி, மருந்து உள்ளே போயாச்சாம், வலி இருக்க நியாயமே இல்லை என்றேன். நியாயம் பேசுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியுமே. அதன் பிறகு அவள் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படி இருக்கு என்று கேட்டால், பரவாயில்லைங்க, உங்க பொண்ணு மருந்தாச்சே என்கிறாள். உன் மாத்திரையைவிட உன் கடிதம்தான் வேகமாகக் கேட்டது போல.

கூடுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இப்போது பயமில்லை. விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி அனுப்பி வைக்கிறேன். காலிப் பை என்றாயே, ஒன்றை அழுத்திப் பார்த்தேன். எனக்கு என்னவோ கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் என் விரல் பெயிண்ட் கரைக்கிற தின்னர் தின்ற விரல், பஞ்சும் பலகையும் அதற்கு ஒன்றுதான். அதை நம்ப முடியாது.

ஒன்றைப் பத்திரமாகக் கழுவி, காய வைத்து, பட்டன் டப்பாவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் மேலதிகாரிக்கு என் பரிசு. நீங்கள் அடிக்கிற தோல் நிஜமாகவே நல்ல வேலை, ஒரு இடத்தில்கூடத் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி விழவில்லை. இதைத் தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 6
கூரியர்

அப்பா,

இதை அம்மாவிடம் காட்டாதீர்கள். படித்துக் காட்டாதீர்கள். தயவுசெய்து.

நேற்று டப்பா வந்தது. எல்லோரும் சிரித்தோம். விளையாட்டாகத்தான் பிளேடை எடுத்து, மாத்திரையைக் குறுக்கே வெட்டினேன்.

உள்ளே மஞ்சள் அப்படியே இருந்தது.

தோல் கோளாறா என்று முதலில் நினைத்தேன். அட்டையின் நம்பரைக் கடைக்கார அம்மாவிடம் போனில் கேட்டேன் (உங்களைப் பற்றிச் சொன்னதும் உடனே ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு). அதே தயாரிப்பிலிருந்து இங்கே எடுத்து வைத்த மாத்திரைகளைக் கண்ணாடி ஜாடிகளில் போட்டேன். உடம்புச் சூட்டில் தண்ணீர், நடுவில் சுழலும் கரண்டி. நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஒன்றில்கூடப் பிழை இல்லை.

அப்படியென்றால் நீங்கள் அனுப்பிய மாத்திரை அம்மாவின் உடம்பில் ஒரு நாள் இருக்கவில்லை. சில மணி நேரம்தான் இருந்திருக்கிறது. என் மாத்திரை பாதிக்கு மேல் வேலை செய்வது பெருங்குடலில். அங்கேதான் அது நிதானமாகத் தங்கும். தங்காமல் வந்திருக்கிறது என்றால் தங்குவதற்கு இடமே இல்லை என்று அர்த்தம்.

அம்மாவுக்கு என்ன செய்தார்கள்? எப்போது? எவ்வளவு எடுத்தார்கள்?

மூன்று தடவை போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். நல்லா இருக்கேன்டி, உன் மாத்திரை புண்ணியத்துல நிம்மதியா தூங்கறேன் என்றாள். அவள் மூச்சு விடுகிற விதம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் பல்லைக் கடிக்கிறாள், அப்பா.

சிரப்பை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காதீர்கள். அளவு தெரியாமல் கொடுக்கக் கூடாது. அதைக் கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே போங்கள். தெரு டாக்டரிடம் இல்லை. வெட்டிய மாத்திரையின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் காட்டுங்கள். மஞ்சள் அப்படியே இருப்பதை அவரே பார்க்கட்டும்.

நிறுத்துங்கள் என்று எழுதினது நான்தான்.

பாப்பா

மார்ச் 9

பாப்பா,

கூரியர்காரர் பட்டறை வாசலில் கையெழுத்துக் கேட்டபோது என் கையில் பெயிண்ட் ஈரம். உன் கடிதத்தின் ஓரமெல்லாம் சாம்பல் நிறக் கைரேகை. போலீசில் மாட்டினாலும் தப்ப முடியாது.

நவம்பரில் ஆபரேஷன் நடந்தது. குடலில் கட்டி. பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். கழிவறைக் கோப்பையில் என்று நான் எழுதியது பொய். மாத்திரை கிடந்தது அந்தப் பையில். பை என்று எழுதினால் நீ அந்த நிமிஷமே புரிந்துகொண்டிருப்பாய். அதனால்தான் எழுதவில்லை. நான் என்ன எழுதினேன் என்று இப்போது புரிகிறது. சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டேன். நீ சொன்ன பதில் சரிதான். வேறு யாரோ ஒரு பொம்பளையின் வயிற்றுக்கு.

ஏன் மறைத்தோம் என்றால், போன வருஷம் என் கண் ஆபரேஷனுக்கு நீ ஓடி வந்தாய். நீ இல்லாத நேரத்தில் உன் மாத்திரையின் தயாரிப்புச் சோதனையை வேறொருவர் கையில் கொடுத்து, திரும்பி வாங்க நீ பட்ட பாடு உன் அம்மாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே என் கையைப் பிடித்து, அவ வேலை முடியட்டும், நானே சொல்லிக்கறேன் என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குக் காது தேவையில்லையே.

அந்தப் பைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாமியார். எப்போது வாயைத் திறக்கும் என்று தெரியாதாம், ஆனால் விருந்தாளி வந்தால் கட்டாயம் திறக்குமாம். மாமியாரைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. நன்றாகவே செய்கிறேன். ஓரத்தில் டேப் ஒட்டிப் பிசிறில்லாமல் முடிப்பதுதானே என் தொழில்.

நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் அம்மா பார்க்காமல் நான் நீட்டிய படத்தைப் பார்த்ததும் டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு சிரப்பைப் புது அளவில் எழுதிக் கொடுத்தார். முதல் வேளை அங்கேயே கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உன் அம்மாவின் தோள் இறங்கியது. இத்தனை வாரமாக அது காதுக்குப் பக்கத்தில் தூக்கியே இருந்திருக்கிறது, பாப்பா. பக்கத்திலேயே இருந்த எனக்கு அது இறங்கின பிறகுதான் தெரிந்தது.

வலி இருக்க நியாயமில்லை என்று சொன்னேன் அவளிடம்.

அப்பா

மார்ச் 13
கூரியர்

அப்பா,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று இருந்தது. பிறகு மாமியார் என்கிற இடத்தில் சிரித்துவிட்டேன். கழிவறையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக. வெளியே யாரோ கதவைத் தட்டி நலமா என்று கேட்டார்கள்.

நவம்பரில் நீங்கள் சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். தயாரிப்புச் சோதனை என் கையை விட்டுப் போயிருக்கும். போகட்டுமே. இப்போது அந்த மாத்திரை இருக்கிறது, அது எல்லோருக்கும் கேட்கிறது, என் அம்மாவுக்கு மட்டும் கேட்காது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இரண்டு நாளாக ஜாடிகளுக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரிய மாத்திரைக்குப் பதில் சின்னச் சின்ன உருண்டைகள், சிறுகுடலிலேயே வேலையை முடித்துக்கொள்கிற மெல்லிய தோல். காகிதத்தில் வந்துவிட்டது. செய்தும் பார்க்கலாம். மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் நல்லவர். முழுக்கப் பார்த்துவிட்டு, இது மனிதர் கைக்குப் போக எத்தனை வருஷம் என்று உனக்கே தெரியும் என்றார். தெரியும். ஜாடி, விலங்கு, ஆரோக்கியமானவர்கள், நோயாளிகள், அனுமதி. ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான்.

அம்மாவிடம் வருஷங்கள் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டு எழுதுங்கள். மழுப்பாமல்.

லீவு கிடைத்துவிட்டது. மார்ச் 25 வருகிறேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வாசலிலேயே வைத்து நடிக்க என்னால் முடியாது.

பாப்பா

மார்ச் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கேட்கச் சொன்னதை நேற்று கேட்டேன். உன் அம்மாவைத் திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

காது கேட்காதவனிடம் கெட்ட செய்தி சொல்வது டாக்டருக்குப் பெரிய தண்டனை. முதலில் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. என்ன என்றேன். கொஞ்சம் உரக்கச் சொன்னார். மறுபடி என்ன என்றேன். கடைசியில் பாவம், அவர் கத்த வேண்டியதாயிற்று. கட்டி ஈரலுக்குப் போய்விட்டது, இனி வெட்ட இடமில்லை, கோடைக்காலம் தாண்டினால் அதிர்ஷ்டம், வலியில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயிலிருந்து வருஷம் என்ற சொல் வரவே இல்லை. மருந்துக்கடையில் என் மானம் போனபோது ஊருக்கே கேட்டது, நீயும் சிரித்தாய்; இதுவும் ஊருக்கே கேட்டது. நான் திரையை விலக்கி வெளியே வந்தபோது வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போலாமா என்றாள்.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார வைத்து, உனக்கு எல்லாம் தெரியும், நீ 25ஆம் தேதி வருகிறாய் என்று சொன்னேன். ஆபரேஷனை நானே சொல்லிவிட்டேன் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சரி, வரட்டும், பார்க்கணும் போலத்தான் இருக்கு என்றாள். சிரப்பைக் குடித்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை.

சிரப் வந்த பிறகும் உன் மாத்திரை அட்டை தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் கையில் எடுத்தாள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை விரலால் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பி, எனக்குக் கேட்க வேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ஆபரேஷன் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. இந்த மாத்திரை எனக்குக் கேட்கவே இல்லைன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

எப்போதிலிருந்து கேட்கவில்லை என்றேன்.

"முதல் நாள்லேர்ந்துதான். பாவம், மூணு வருஷம் உட்கார்ந்து செஞ்சிருக்கா. டாக்டரே மாத்திட்டார்னு சொல்லுங்க. மனசு விட்டுடுவா."

பற்பசை கதை எழுதிய உன் கடிதத்தை நான் படித்துக் காட்டிய நாளிலிருந்து இவள் வலியைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டது எனக்காக இல்லை, என் நியாயத்துக்காகவும் இல்லை. உன் மாத்திரையின் பெயர் கெடக் கூடாது என்று. நீ போன் செய்யும்போதெல்லாம் நிம்மதியாத் தூங்கறேன் என்று சொன்னதும் அதற்குத்தான்.

அதனால் நீ வரும்போது ஒன்று செய்ய வேண்டும். வாசலில் நடிக்க முடியாது என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் நடி. அட்டையைக் காட்டி, எப்படி இருந்துச்சு மாத்திரை என்று கேள். நல்லா கேட்டுச்சுடி என்பாள். அவள் சொல்லி முடிக்கிற வரை அவள் முகத்தைப் பார். வேறு பக்கம் திரும்பிவிடாதே. எனக்கு அந்த இடத்தில் நிற்கத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை, நான் மாமியாரைக் கவனிக்கிற சாக்கில் எங்காவது போய்விடுவேன்.

நேற்று நான் அவளிடம், சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன். அட்டையை வாங்கித் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். போர்வையை இழுத்து விட்டேன். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் என் குரலில் அவளிடம் அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை: பாப்பாவுக்குத் தெரியும்டி, மாத்திரையை வெட்டிப் பார்த்ததே அவள்தான்.

அப்பா